தூணில் நெவில் போட்ட கோடு

பெருவெள்ளத்துக்கு மறு வருடமா, அதற்கடுத்ததா, எனக்கு உறுதியாக நினைவில்லை. லிஸ்மோர் என்ற ஊரில் வெள்ளம் உள்ளே புகுந்த வீடுகளை அரசாங்கம் விலைக்குக் கேட்டது. இன்னொரு மழைக்கு இங்கே இருக்கமாட்டேன் என்று மேவிஸ் தன் கணவர் நெவிலிடம் சொல்லியிருந்தாள்.

பார்வையிட வந்த அதிகாரிப் பெண், உயர்த்திக் கட்டிய வீட்டைத் தாங்கும் மரத்தூணில், வெள்ளம் எதுவரை ஏறியது என்று காட்ட நெவில் வரைந்திருந்த கோட்டைப் பார்த்தாள். அது தரைப்பலகைக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

“உள்ள தண்ணி வரலையே சார். அப்ப உங்க வீட்டை எடுக்க மாட்டாங்க.”

பக்கத்து வீட்டு டக் வேலியில் சாய்ந்து நின்றான். தன் வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று நெவில் அவனிடம்தான் பீற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் சேற்றை வழித்துப்போட்ட மேவிஸுக்கு உண்மை தெரியும். இருந்தும் அவள் கணவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நெவில் மேவிஸைப் பார்த்துவிட்டு ஜன்னலைக் கைகாட்டினார்.

“ஜன்னல் வரைக்கும் வந்துச்சும்மா. நான்தான் கோட்டைக் கீழ போட்டேன்.”

“அன்னிக்கே தெரியும்யா,” என்றான் டக். “உன் சோபா என் கொட்டகையிலதான வந்து ஒதுங்குச்சு.”

மேவிஸ் சிரித்துவிட்டாள்.

அரசாங்கம் வீட்டை வாங்கி இடித்தது. நெவிலும் மேவிஸும் மேட்டில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். டக் விற்கவில்லை, அங்கேயே இருக்கிறான்.