மஞ்சள் அட்டைக்காரி

என் அண்ணிக்கு மஞ்சள் அட்டையைக் கொடுத்தது நான்தான். அதுவும் பாசத்தில் கொடுத்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்பு எங்கள் பெண்கள் மருத்துவமனைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கூட்டாளியாக வந்தது. வாசலில் பேனர் கட்டினார்கள். அதில் அவர்கள் சின்னம் தட்டு அளவு, எங்கள் சின்னம் சட்டைப் பொத்தான் அளவு. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி. வருகிற பெண்கள் ஒட்டிய கவர் ஒன்றை எடுக்க வேண்டும். உள்ளே நீல அட்டை இருந்தால் பக்கத்து அறையில் பரிசோதனை. வினிகர் தடவி விளக்கு வைத்துப் பார்க்கிற மூன்று நிமிட வேலை, நர்ஸ்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். மஞ்சள் என்றால் என் மேஜை. எடை, ரத்த அழுத்தம், இருபத்திரண்டு கேள்விகள், போகும்போது ஒரு சோப்பு.

மஞ்சள்காரர்களுக்கு எப்போது பரிசோதனை என்று ஆரம்பத்திலேயே பெரிய டாக்டரிடம் கேட்டேன். "அவங்க முறை வரும்மா" என்றார். சம்மதத் தாளில் கைரேகை வாங்கும்போது நானும் அதையே எல்லோரிடமும் சொன்னேன். முந்நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன்.

அண்ணிக்குத் தையல் ஆலையில் காலர் தைக்கிற வேலை. அரை நாள் லீவு போட்டு வந்து கவரைப் பிரித்தார். நீலம். பக்கத்து அறைக் கட்டிலை எட்டிப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. தோள்வலிக்கே டாக்டரிடம் தோளைக் காட்டாத ஆள் அவர். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அட்டையை மாற்றிக் கொடுத்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்று தெரியும். முறை வரும்போது நானே பக்குவமாகப் பேசிச் செய்துவிடலாம் என்று நினைப்பு. சொந்தக்காரிக்கு ஒரு சலுகை செய்துவிட்ட பெருமை வேறு.

வருடம் தவறாமல் வந்தார். பதினேழாம் கேள்வி, மாதவிலக்கு அல்லாத நாட்களில் ரத்தப்போக்கு உண்டா என்பது. ஐந்து வருடம் 'இல்லை' என்று எழுதினேன். ஆறாம் வருடம் 'ஆம்'. பதறிப்போய் டாக்டரிடம் ஓடினேன். படிவத்தில் எழுதினால் போதும், பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் என்றார். படித்தவர்கள் பார்க்கிறார்கள் என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் சகஜம் என்று அண்ணியும் சிரித்தார்.

போன வெள்ளிக்கிழமை காலையில் ஏழாவது படிவம். மறுபடியும் 'ஆம்'. சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று அண்ணியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனேன். ஆராய்ச்சி முடிவை அறிவிக்கிற கூட்டம். வெளிநாட்டுப் பேராசிரியை வந்திருந்தார். சாந்தமான முகம், மெதுவான பேச்சு. டாக்டர் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

திரையில் இரண்டு கோடுகள். நீலக் கோடு தரையோடு படுத்திருந்தது. மஞ்சள் கோடு வருடத்துக்கு வருடம் மேலே ஏறிக்கொண்டே போனது. நோய் முற்றியவர்கள், இறந்தவர்கள். மூன்று நிமிடப் பரிசோதனை உயிரைக் காக்கும் என்று நிரூபணமாகிவிட்டதாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பாதியில்தான் அந்த மஞ்சள் கோடு என் மேஜை என்று உறைத்தது. ஒரு கட்டம்கூட விடாமல் படிவங்களை நிரப்பியதற்காகப் பேராசிரியை என்னைக் கைகாட்டிப் பாராட்டினார்.

எழுந்து நின்றேன். மஞ்சள்காரர்கள் முறை எப்போது என்று கேட்டேன். டாக்டர் முறைத்துக்கொண்டே மொழிபெயர்த்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இனிமேல் அரசாங்கம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பதில் வந்தது.

"உங்க நாட்டுல மஞ்சள் அட்டை யாருக்குக் குடுக்கறீங்க?" என்றேன்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் பதில் சொன்னார். அங்கே யாருக்கும் இல்லையாம். அங்கே எல்லாப் பெண்களுக்கும் பரிசோதனை உண்டாம், செய்யாமல் விட்டால் தப்பாம். மணி கேட்டவருக்கு மணி சொல்வது போலச் சொன்னார்.

முறை என்று ஒன்று வருவதாகவே இருந்ததில்லை. எத்தனை பேருக்கு முற்றுகிறது என்று எண்ணத்தான் என்னை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். நானும் அழகான கையெழுத்தில் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அண்ணியின் இரண்டு 'ஆம்'களையும் சேர்த்து.

படியிறங்கி வெளியே ஓடினேன். அண்ணி சோப்பை முகர்ந்து பார்த்துக்கொண்டு பெஞ்சில் இருந்தார். கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி இது, நான் மஞ்சளாச்சே?"

"உங்க முறை வந்திருச்சு அண்ணி."

கூச்சத்தில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு படுத்தார். விளக்கைப் போட்டேன். வினிகர் பாட்டிலைத் திறக்கவே தேவைப்படவில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தொட்டால் ரத்தம் வருகிற அளவுக்குக் கருப்பை வாயில் கட்டி பூத்துக் கிடந்தது. கருவியை மெதுவாக வெளியே எடுத்தேன்.

அண்ணி துணியை விலக்கிச் சிரித்தார்.

"இவ்வளவுதானா? இதுக்குப் போயா பயந்தேன். அன்னைக்கே பண்ணியிருக்கலாமேடி."