மிதக்கும் வரை

எழுந்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு ஸ்பூன் மாவும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் போட்டுக் கலக்கினான். மட்டம் நின்ற இடத்தில் ரப்பர் பேண்டை மாட்டினான். வேலைக்குக் கிளம்பினான்.

மனைவி போனதிலிருந்து ஒரு நாளும் இது தவறியதில்லை.

ஜாடியில் இருந்தது ரொட்டிக்கான புளிமாவு. கடையில் வாங்கிய ஈஸ்ட் கிடையாது. மாவும் தண்ணீரும் தானாகப் புளித்து உயிர் பிடித்தது. தினமும் தீனி போட்டால் ரப்பர் பேண்டைத் தாண்டி இருமடங்காகப் பொங்க வேண்டும். அப்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். மிதந்தால் ரொட்டிக்குத் தயார் என்பாள். அவள் கை கலக்கியதில் வீட்டில் மிச்சம் இது ஒன்றுதான். இதுவும் செத்துப்போனால் என்பதற்கு மேல் அவன் யோசிப்பதில்லை.

மாவு இப்போது பொங்குவதில்லை. மேலே சாம்பல் நிறத்தில் நீர் கட்டியது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது. சொட்டு விட்டுப் பார்த்தால் கிணற்றில் போட்ட கல்தான். ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது சமையலறையிலிருந்து மெல்ல ஒரு சத்தம் கேட்கும், யாரோ பேசுவதற்கு உதட்டைப் பிரித்தாற்போல. எழுந்து போவான். ஒரு குமிழி உடைந்த குழி இருக்கும். அவன் பேசாமல் நிற்பான். அதுவும் பேசாது.

ஜாடி நிறைந்ததும் இன்னொரு ஜாடி எடுத்தான். பிறகு இன்னொன்று. மச்சினி வந்தபோது ஜன்னல் விளிம்பிலும் வாஷிங் மெஷின் மேலும்கூட ஜாடிகள்.

"என்ன மாமா, வீட்டுக்குள்ள பெயின்ட் கடை வெச்சிருக்கீங்களா? மூக்கு எரியுது."

"புளிமாவு."

"இத்தனையுமா? தினமும் பாதியக் கொட்டினீங்களா இல்லையா?"

அவன் ஒரு ஜாடியின் மூடியை இறுக்கித் திருகினான்.

"பழசு இவ்வளவு இருக்கு, நீங்க போடறது ஒரு ஸ்பூன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அக்கா தினமும் கொட்டுவாளே, பார்த்ததில்ல?"

"கொட்டற பாதியில அவ இருந்துட்டா?"

மச்சினி ஜாடிகளையே பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இருந்தா, மீதிப் பாதியில இருந்து உங்களத் திட்டுவா. ஸ்பூனக் குடுங்க."

முதல் ஜாடியிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துக் கழுவிய கிண்ணத்தில் வைத்தாள். மிச்சத்தைக் கொட்டுவது அவன் பாடு என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றாள். அவன் ஒவ்வொன்றாகக் குப்பைப் பையில் கவிழ்த்தான். மாவு இறங்க மனமில்லாமல் இறங்கியது. கை ஒரு ஜாடியிலும் தயங்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு காலையில் பாதியைக் கொட்டினான். மீதிக்கு வயிறாரத் தீனி போட்டான். முதலில் அசைவில்லை. பிறகு சிறு குமிழிகள். ஒரு விடுமுறை நாள் மதியம் போய்ப் பார்த்தபோது மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. வாடை போய்ப் பழ வாசனை வந்திருந்தது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டான். அது முழுகப் போவதுபோல் தாழ்ந்து, மேலே வந்து, மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தபடி நின்றது.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். 'பத்திரமா இரு' என்றாள் என்று சொல்லிவைத்திருந்தான். அழுவதற்கு அவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

பெரிய கிண்ணத்தை எடுத்து மாவை அளந்து கொட்டினான். அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில், தள்ளுவண்டியில் படுத்தபடி, நர்ஸ் அவசரப்படுத்த, அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"மிதந்துச்சுன்னா சுட்டுடு. நான் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காத, அசடு. ரொம்பப் புளிச்சுப் போயிடும்."