அதனதன் இடத்தில்

குறை சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால் எந்தக் கடைக்காரருக்கும் முகம் சுண்டிப்போகும். மலையாள மண்ணில், கிள்ளிப்பாலத்தில் டயர் மாட்டும் பால்பாண்டி மட்டும், இப்போதெல்லாம் அப்படி வருகிறவருக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு, மின்விசிறியையும் அவர் பக்கம் திருப்பிவிடுகிறான். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவனை அப்படி ஆக்கியது வலியசாலை கௌசல்யா.

கௌசல்யாவும் அவள் கணவர் நீலகண்டனும் ரொம்ப நாள் ஆசைப்பட்டு, இரண்டே இருக்கை உள்ள ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார்கள். ஜூன் தொடக்கத்தில் அதற்கு நாலு புது டயர் போட்டுக்கொண்டு போனார்கள். பத்தாம் நாள் திரும்பி வந்தார்கள், டயரைப் பற்றிய சண்டையோடு. கல்லாறு தாண்டிப் பொன்முடி ஏறும் வளைவில், மழையில், வண்டி வழுக்கிவிட்டது என்றாள் அவள். ஓட்டியது அவள்தான். வண்டி குறுக்கே திரும்பி, ஓரத்துக் கல்லுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றதாம்.

நீலகண்டன் ஒத்துக்கொள்ளவில்லை. அதே டயரில் அவர் தினமும் காலையில் கோவளம் பைபாஸில் பறந்துவிட்டு வருகிறார். “உடும்பு மாதிரின்னா பிடிக்கறது! இவதான் பயந்துண்டு பிரேக்கைப் போட்டு மிதிச்சிருக்கா” என்றார். அவர் ஓட்டிய காலைகளிலெல்லாம் நல்ல வெயில் என்பதை அவர் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

கடை முதலாளி திரவியம் நாஞ்சில் நாட்டுக்காரர். எந்த வழக்கிலும் நடுவராக உட்கார அவருக்குக் கசக்காது. சாவியை வாங்கி, காய்ந்து கிடந்த சாலையில் கரமனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, டயர் கொஞ்சம் முரடு, காற்றை இரண்டு பாயிண்ட் குறைத்தால் போதும், பிடியில் ஒரு குறையும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஆண்கள் ஒரு பக்கம் சேர்ந்தாயிற்று. மேடம் கியர் இல்லாத சின்ன வண்டி ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று திரவியத்திடமிருந்து ஒரு கேலியும் வந்தது. நீலகண்டன் சிரித்தார். சிரித்தபடியே சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இனிமே மழைன்னா நீ இதைத் தொட வேண்டாம், கௌசு.”

அவள் முகம் சிவந்தது. இருபது வருடமாக இந்த ஊரின் எல்லா மழையிலும் கார் ஓட்டுகிறவள் அவள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். “நான் பயப்படலை. மிதிக்கறதுக்கு முன்னாடியே வழுக்கித்து. தண்ணி மேல மிதந்த மாதிரி போச்சு. என்னைத் திட்டிக்கோங்கோ, ஆனா யாராவது ஒருத்தர் குனிஞ்சு பாருங்கோ.”

திரவியம் கண்ணைக் காட்டினார். போய்ப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு வா என்பது அதன் பொருள். ஆண்கள் இருவரும் டீ குடிக்க நகர்ந்தார்கள். பால்பாண்டி குனிந்தான்.

முன் டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருந்தது. டயர் எந்தத் திசையில் உருள வேண்டும் என்று காட்டுகிற அம்பு. அது பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பின் டயரைப் பார்த்தான், அதுவும் அப்படியே. சுற்றி வந்தான். நாலும் தலைகீழ். அந்த வகை டயரின் கோடுகள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக வெட்டியவை. திருப்பி மாட்டினால் காய்ந்த சாலையில் ஒன்றும் தெரியாது. மழையில், கொஞ்சம் வேகம் போனால், தண்ணீர் டயருக்கு அடியிலேயே தங்கிவிடும்.

ரிம்மில் டயரை ஏற்றியவன் அவன்தான். இடம் வலம் பார்த்துச் சரியாகத்தான் ஏற்றினான். ஆனால் சக்கரத்தைக் காரில் மாட்டும் நேரத்தில் பழவங்காடியிலிருந்து ஒரு வேன் பஞ்சர் என்று அழைப்பு வந்தது. வண்டி கழுவும் மலையாளிப் பையன் அனீஷிடம் மாட்டச் சொல்லிவிட்டு ஓடினான். இப்போது அனீஷைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான்.

“அண்ணன்தானே பறஞ்சது” என்றான் அனீஷ் திகைத்துப்போய். “கதவோரம் இருக்கிற ரெண்டும் எடத்துல மாட்டுன்னு. நான் எடத்துதானே மாட்டி.”

பால்பாண்டிக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பத்து வருடமாக இந்த ஊரில் மலையாளம் பேசுகிறவன், அவசரம் வந்தால் மட்டும் வாய் சொந்த ஊர் திசையன்விளைக்குப் போய்விடுகிறது. வலப்பக்கத்தைத் தாடையால் காட்டி, ‘அந்த எடத்துல’ என்று தமிழில் சொல்லியிருக்கிறான். மலையாளத்தில் எடத்து என்றால் இடப்பக்கம். தாடையைப் பார்க்காத அனீஷ், காதில் விழுந்தபடி அவற்றை இடப்பக்கமும் மற்ற இரண்டை வலப்பக்கமும் மாட்டிவிட்டான்.

இப்போது சுலபமான வழி ஒன்று இருந்தது. ஆண்கள் டீக்கடையில். காற்றுப் பார்க்கிறேன் என்று ஜாக்கியை ஏற்றிச் சக்கரங்களை மாற்றிவிட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் சரி. அவன் வேலையும் தப்பும். ஆனால் சாவி சட்டைப் பையிலேயே இருந்துவிடும். வழுக்கியது டயரல்ல, அவள் மனசு என்று அந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சாகிவிடும். சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவள். அவளைப் பொய்யாக்கிவிட்டு அவனுக்கு எப்படிச் சோறு இறங்கும்?

டீ முடிந்து அவர்கள் வரும்வரை காத்திருந்தான். கை துடைக்கக்கூட மறந்து நேரே போய் நின்றான்.

“அண்ணாச்சி, மேடம் சொன்னதுதான் சரி. நாலு டயரும் திரும்பி ஓடுது. தப்பு எம்மேலதான். அனீஷ்கிட்ட நான் சொன்ன வார்த்தை தப்பு, வந்த பொறவு நான் பார்க்காம விட்டது அதைவிடத் தப்பு.”

திரவியத்தின் முகம் கறுத்தது. நீலகண்டன் குனிந்து அம்புக்குறியைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பிறகு அந்த வளைவையும் ஓரத்துக் கல்லையும் நினைத்துப் பார்த்திருப்பார் போல, மெல்ல எழுந்தார். பையிலிருந்து சாவியை எடுத்து மனைவியிடம் கொடுத்து, “மன்னிச்சுக்கோ” என்றார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னார், அதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும்.

பால்பாண்டி சக்கரங்களைத் தன் கையாலேயே மாற்றி மாட்டினான். முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கௌசல்யா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். நீலகண்டன் மறுபக்கம் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அவர்கள் ஒரு சுற்றுப் போய் வரும்வரை திரவியம் வாசலிலேயே நின்றார். வண்டி திரும்பி வந்து நனைந்த தரையில் சொன்ன இடத்தில் நின்றதும், நாளைக்கு நேரத்தோடு வந்து சேர், இனி நீ பார்க்காமல் ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பால்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

கௌசல்யா கண்ணாடியை இறக்கினாள். “நீ சொல்லாட்டா நானே என்னை நம்பியிருக்க மாட்டேன். ரொம்ப நன்றிப்பா.”

பால்பாண்டி நினைத்துப் பார்த்தான். இந்த அம்மாள் கேலிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்திருந்தால், அடுத்த மழையில் ஒரு முழம் மிச்சம் இருந்திருக்காது. காரணம் தெரியவந்திருந்தால், அதற்குப் பிறகு அவன் எந்தச் சக்கரத்தைத் தொட்டிருக்க முடியும்?

“நன்றி நான்தான் சொல்லணும் மேடம்” என்றான். “நீங்க மட்டும் வந்து குறை சொல்லலன்னா, நான் ரெண்டு உசுரைக் கொன்னுட்டு, அது தெரியாமலே இங்க டயர் மாட்டிட்டு இருந்திருப்பேன்.”