தமிழ் தெரிந்தவர் யாருமில்லை

என் மகளுக்குத் தமிழ் தெரியாதாம். நான் சொல்லவில்லை மாதாவே, ஓர் அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது அவளே வாய் கூசாமல் சொன்னாள். அவளைத் தொட்டிலில் ஆட்டியது, செபம் சொல்லிக் கொடுத்தது, சோறு ஊட்டியது, அடங்காதபோது முதுகில் நாலு வைத்தது எல்லாமே தமிழில்தான். ஆனாலும் தெரியாதாம். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என்னைத்தான் ராட்சசி என்பீர்கள்.

நாங்கள் கேரளத்து மலையில், சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சுவக்கீனுக்குக் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை, எனக்குக் காட்டில். ஏலக்காய் ஒன்றும் மாங்காய் மாதிரி மேலே தொங்காது. செடியின் அடியில் தரையை ஒட்டிப் பிடிக்கும், நாள் முழுக்கக் குனிந்துதான் எடுக்க வேண்டும். எனக்கோ முதுகுத்தண்டில் தட்டு விலகிவிட்டது. கம்பத்து டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே குனியாதீங்கம்மா, ஒருநாள் குனிஞ்சது நிமிராது" என்றார். குனியாமல் ஏலக்காட்டில் என்ன வேலை இருக்கிறது? ரோட்டோரம் நின்று ஜீப்புகளை வேடிக்கை பார்க்கலாம்.

ஒரே ஒரு வழி இருந்தது. எஸ்டேட்டின் குழந்தைக் காப்பகத்து ஆயா ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்துக்குத் தோட்டத்து ஆளையே எடுப்பார்கள், ஆனால் பத்தாவது தேறியிருக்க வேண்டும். வேலைக்கு நான்தான் மூத்தவள், படிப்பில் எட்டோடு நின்றவள். பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். எழுதினேன். கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறினேன். மழைக்கு முன்னால் வரும் மறுபரீட்சையில் கணக்கும் தேறினால் காப்பகம் எனக்கு. இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிலோமிக்கு, அவள் எப்போதோ பத்தாவது முடித்தவள்.

என்னைப்போல ஒரு பாடத்தில் தங்கிப்போனவர்களுக்காக டவுன் கல்லூரியில் ஓர் அறை வைத்திருந்தார்கள். படிப்புதவி மையம் என்று பெயர். கல்லூரிப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பின்தங்கிய பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சொல்லித் தருவார்கள். பொறுப்பு அஞ்சு டீச்சருடையது. அவர் 'ஆள் தயார்' என்று சொன்னால்தான் எங்களை மறுபரீட்சைக்கு உட்கார விடுவார்கள்.

என் மகள் ஜெஸ்னா அந்தக் கல்லூரியில்தான் கணக்குப் பட்டம் படிக்கிறாள், கன்னியாஸ்திரிகளின் ஹாஸ்டலில் தங்கி. மையத்தில் சொல்லித் தருகிறவர்களில் அவள்தான் மூத்தவள் என்று வீட்டில் பெருமையடித்திருக்கிறாள். எனக்கு வேறென்ன வேண்டும்? பெற்ற மகளே வாத்தியார்! முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்று அவளை அசத்திவிட நினைத்தேன். விடியற்காலையில் மத்தி வறுத்து, டப்பாவில் சோறு கட்டி, பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

அறையில் மேசை மேசையாகப் பிள்ளைகள். ஜன்னலோர மேசையில் என் மகள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நான் சிரித்தேன். அவள் சட்டென்று தலையைக் குனிந்து புத்தகத்தைப் புரட்டினாள். கூச்சப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன், பைத்தியக்காரி நான்.

அஞ்சு டீச்சர் தங்கமான மனுஷி, ஆனால் அவருக்கு மலையாளம் தவிர வேறு பேச்சு வராது. நான் தமிழில் பரீட்சை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

"இவிடே தமிழ் அறியாவுன்ன ஆரெங்கிலும் உண்டோ?"

தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று. ஒரு கையும் உயரவில்லை. நான் ஜன்னலோரத்தைப் பார்த்தேன். டீச்சரும் அங்கேதான் பார்த்தார். "ஜெஸ்னா, கொறச்செங்கிலும்?" கொஞ்சமாவது தெரியுமா என்று.

"இல்ல டீச்சர். எனிக்கு தமிழ் ஒட்டும் அறியில்ல" என்றாள் என் மகள்.

கொஞ்சம்கூடத் தெரியாதாம். மலையாளத்தை அவ்வளவு அழகாகப் பேசினாள், அந்த நேரத்திலும் அது என் காதில் விழுந்தது. அந்த இடத்திலேயே அவள் சடையைப் பிடித்து இழுத்திருப்பேன். ஏன் இழுக்கவில்லை என்று இன்றுவரை சுவக்கீன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கையில் சோற்று டப்பா இருந்தது, அவ்வளவுதான்.

டீச்சர் என்னை அன்சார் என்கிற பையனிடம் உட்கார வைத்தார். நல்ல பிள்ளை. ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் 'சமாந்தர ஸ்ரேணி' மாதிரிச் சொற்கள், அது நம் கூட்டுத்தொடர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. சந்தையில் மீன் வாங்கும் மலையாளம் எனக்கு வரும், கணக்கு மலையாளத்துக்கு நான் எங்கே போவேன்? அவனும் வியர்த்தான், நானும் வியர்த்தேன். சோற்று டப்பாவைத் திறக்காமலே பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் ஜெஸ்னா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"யாரக் கேட்டும்மா அங்கன வந்த?"

"ஏண்டி, ஒன்னயப் பெத்தவ ஒன்னயப் பாக்க வர்றதுக்கு யாருட்ட அனுமதி வாங்கணும்?"

"மெதுவாப் பேசும்மா, பிலோமிக்கா வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! கேட்டாலும் என்ன, நான் பேசுறது தமிழு. ஒனக்குத்தான் புரியாதே!"

அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "மொத வருசம் நான் வாயத் தொறந்தாலே 'பாண்டி', தமிழச்சின்னு சிரிச்சாளுக. என் சோத்து டப்பாவ மோந்து பாத்து மூக்கப் பொத்துவாளுக. நீ அங்கன இருந்து பாத்தியாம்மா? எங்கப்பா கட்டப்பனையில ஏலம், மொளகு வாங்கி விக்கிற மலஞ்சரக்குக் கட வச்சிருக்காருன்னு சொல்லிட்டேன். அதுக்கப்பறம் ஒருத்தியும் என்னய ஒண்ணும் சொல்லல."

"கட வச்சிருக்காரா! இந்தா உக்காந்திருக்காரு பாரு மொதலாளி, கிழிஞ்ச பனியனோட."

சுவக்கீன் தன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "விடு புள்ள. சின்னது. படிச்சு முடிக்கட்டும், பெறகு எல்லாஞ் சரியாப் போகும்" என்றார். இந்த மனுஷனுக்கு எதுவும் ஒரு நாள் தானாகச் சரியாகிவிடும். என் முதுகும் அப்படித்தான் சரியாகும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் ஜெஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சென்டருக்கு மட்டும் வராதம்மா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானே இங்கன ஒனக்குச் சொல்லித் தாரேன். ஒன்னய நான் பாஸாக்கி விடுறேன். சத்தியமா."

சரி என்றேன். பிள்ளை அழுதால் எந்தத் தாய்க்குத்தான் மனது இளகாது? அதைவிட உண்மை, எனக்குக் கணக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம். சும்மா சொல்லக்கூடாது, சொல்லித் தருவதில் அவள் கெட்டிக்காரிதான். "கூட்டுத்தொடர்னா ஒண்ணுமில்லம்மா, நம்ம லயத்துக்கு ஏறுற படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஒரே ஒசரம். மொதப் படி தெரிஞ்சா கடைசிப் படி எவ்வளவு ஒசரம்னு சொல்லிறலாம்ல?" அவ்வளவுதான், பூட்டிக்கிடந்த கதவு திறந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குப் போட்டேன், எல்லாம் சரி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளும் சிரித்தாள். வட்டத்தில் தொடுகோடு என்று ஒரு பாடம் வந்ததும், "இது கஷ்டம்மா, இத ஒனக்கு அடுத்த வாரம் தாரேன்" என்று புத்தகத்தை மூடினாள்.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. முதலில் ஏதோ கேம்ப். பிறகு தோழி வீட்டுக் கல்யாணம். பிறகு காய்ச்சல். போன் செய்தால் கிசுகிசுவென்று மலையாளத்தில் "பின்னே விளிக்காம்", பிறகு கூப்பிடுகிறேன் என்பாள், பக்கத்தில் யாரோ இருப்பார்கள். ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமை மையத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். நான் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏலச்செடியடியில் மண்டியிட்டுக் கிடந்தேன். பரீட்சைக்கு ஆட்களை அனுப்பும் கடைசிச் சனிக்கிழமை வந்தது. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று கிளம்பிவிட்டேன்.

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. ஜன்னலோரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக அன்சாரிடம் போய் உட்கார்ந்து, கூட்டுத்தொடர்க் கணக்கு ஒன்றைப் போட்டு நீட்டினேன். அவனுக்கு வாயெல்லாம் பல். "டீச்சரே, சரியாணு!" என்று கத்தினான். டீச்சரும் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "ஜெஸ்னா, நீ ஒன்னு நோக்கிக்கே" என்றார். மூத்தவள் பார்த்துச் சரியென்றால் போதும், என் பெயர் பரீட்சைக்குப் போய்விடும்.

ஜெஸ்னா எழுந்து வந்தாள். என் பக்கத்தில் நின்றாள், அவள் தலையில் தேய்த்திருந்த எண்ணெய் வாசம்கூட எனக்குத் தெரிந்தது. நான் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கணக்கைப் பார்த்தாள். அவளே சொல்லித் தந்த படிக்கட்டு, படி மாறாமல் ஏறியிருந்தது.

"காணாப்பாடமாணு டீச்சர்" என்றாள். அதாவது, புரிந்து போட்டதல்ல, மனப்பாடம் செய்து எழுதியதாம். புரிந்து போட்டேன் என்றால், யார் தமிழில் சொல்லித் தந்தது என்று டீச்சர் கேட்பார் அல்லவா?

அன்சார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் பேனாவை எடுத்து, இன்னொரு கணக்கு எழுதி என் முன்னால் வைத்தாள். ஒரு வட்டம். வெளியே ஒரு புள்ளி. அதிலிருந்து வட்டத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு கோடு. அடுத்த வாரம் தருகிறேன் என்று அவள் மூடிவைத்த அதே பாடம். எனக்கு அது தெரியாது என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீச்சர் பொறுமையாக நின்றார். ஜெஸ்னா என் தலைக்கு மேலே, ரொம்ப அக்கறையாக, மலையாளத்தில் சொன்னாள்: "வெறுதே தோற்பிக்கண்ட டீச்சர். அடுத்த வர்ஷம் எழுதட்டே." வீணாகத் தோற்கடிக்க வேண்டாமாம், அடுத்த வருஷம் எழுதட்டுமாம். என்ன கருணை!

டீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த வருஷம் அந்தக் காப்பகத்து நாற்காலியில் பிலோமி உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்கு எங்கே தெரியும். பாவம், என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் சொல்லித்தர யாருமில்லையா, பிள்ளைகள் யாரும் படித்தவர்கள் இல்லையா என்று கேட்டார்.

ஜெஸ்னா இன்னும் என் நாற்காலியின் பின்னால்தான் நின்றாள். ஒரே சொல்தான், இந்தா நிற்கிறாளே இவள்தான் என்று சொன்னால் போதும். கட்டப்பனைக் கடையும் போகும், மூத்தவள் என்கிற பட்டமும் போகும். அப்புறம் படிப்பு முடியும்வரை அவளைக் கிழித்துத் தோரணம் கட்டுவாளுகள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அது பத்தவில்லை.

தமிழில் சொல்லவில்லை. எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"ஒரு மோளுண்டாயிருன்னு டீச்சர். மரிச்சு போயி."

ஒரு மகள் இருந்தாள். செத்துப் போய்விட்டாள். அன்சார் தலையைக் குனிந்துகொண்டான். அஞ்சு டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்த வயசில், எப்படி என்று ஏதோ கேட்டார். போன மாசம்தான், இங்கேதான் டவுனில், என்றேன்.

இப்போது அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா என்று ஒரு சத்தம் வரும், நான் திரும்பாமல் உட்கார்ந்திருப்பேன், அப்புறம் திரும்புவேன் என்று நினைத்தேன். மாதாவே, அந்த நிமிஷத்தில்கூட நான் அவளை மன்னிக்கத் தயாராகத்தான் இருந்தேன்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெஸ்னாவுக்குச் சைகை காட்டினார், ஆறுதலாக ஏதாவது சொல் என்று. ஒரு கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. நான் வளர்த்த கை. நடுங்கவில்லை. மெதுவாகத் தட்டியது.

"சாரமில்ல சேச்சி" என்றாள் என் மகள்.

பரவாயில்லை அக்கா என்று அர்த்தம். மழை பிடித்ததும் பிலோமி காப்பகத்துக்குப் போனாள். நான் காட்டுக்குப் போனேன்.