இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று

மலாயாவில் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஏழாம் காட்டில் 2521 ரப்பர் மரங்கள் நின்றன. ஒன்றைச் சாய்த்தாலும் மறுநாள் காலையில் 2521 நின்றன. இரண்டு முறை சாய்த்துப் பார்த்த துரை, விறகாவது மிச்சம் என்று விட்டுவிட்டார். அங்கே பால் வெட்டப் பத்துப் பேர். ஆளுக்கு 252 மரம் போக ஒன்று மிஞ்சியது. அதை வெட்டாமல் விட்டால் மற்ற மரங்களில் கட்டிய மங்குகளில் ஒரு சொட்டுப் பாலும் இறங்காது. கங்காணி சின்னத்தம்பி நியாயஸ்தர். ஒருத்தர் தலையிலேயே கட்டக்கூடாதென்று வாரத்துக்கு ஒருவராக முறை வைத்தார். அந்த நியாயம்தான் குடியைக் கெடுத்தது. அந்தந்த வார முறைக்காரர் சனிக்கிழமை காய்ச்சலில் படுத்து ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தார். அது 1918, ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். மரத்தை யார் சந்தேகிப்பார்கள்? ஒன்பது பேருக்கு 280 வீதம் பிரித்தார்கள், ஒன்று மிஞ்சியது. எட்டுப் பேருக்கு 315, அப்போதும் ஒன்று. ஏழு பேருக்கு 360, பாழாய்ப்போன அந்த ஒன்று அப்போதும் நின்றது. விஷயம் புரிந்தபோது ஓடவும் வழியில்லை, பிடிபட்டால் அடி. காய்ச்சலால் கப்பல் நின்றுபோய்ப் புது ஆளும் வரவில்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர், கணக்குப் பைத்தியம். ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றபடியே பென்சிலால் போட்டுப் பார்த்துப் பூரித்துப்போனார். "ரெண்டு பேருக்குப் பிரிச்சாலும் பத்துப் பேருக்குப் பிரிச்சாலும் ஒண்டு மிஞ்சும். ஒரேயொரு ஆள் நிண்டால்தான் மிச்சம் இராது," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

ஒன்பதாம் வாரம் காளியம்மாவும் அவள் புருஷன் ஐயாசாமியும் மட்டும் நின்றார்கள். ஆளுக்கு 1260, ஒன்று மிச்சம். முறை அவளுடையது. சாவதில் அவளுக்குப் பயமில்லை. அவனை விட்டுப் போவதுதான் நெஞ்சை அறுத்தது. "ஒங்களுக்கு ஒல வைக்கக்கூடத் தெரியாதே," என்றாள். திங்கட்கிழமை அவள் அந்த மரத்தடிக்குப் போனபோது மங்கு நிறைந்திருந்தது, கத்தியைத் துடைத்தபடி அவன் நின்றான். "யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்ல. நீ நில்லு புள்ள," என்றான். அந்த வாரம் முழுக்க அவனை வாய் ஓயாமல் திட்டினாள், தினமும் கருவாடு வறுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவனைப் புதைத்தார்கள்.

மறுநாள் அவள் ஒருத்தியாகவே 2521 மரங்களையும் வெட்டிப் பதினொரு மணிக்குப் பாலை ஸ்டோரில் ஊற்றினாள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த கப்பலில் புது ஆட்கள் பத்துப் பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி நிறைமாசக்காரி. காளியம்மா காட்டு முகப்பில் கத்தியோடு நின்றாள். "இது என் ஒருத்திக்கான காடு. இவங்கள வேற எங்கியாச்சும் கூட்டிட்டுப் போங்க." அவளையும் சேர்த்துப் பதினொரு பேருக்குத் தியாகராஜா போட்டுப் பார்த்தார்: ஆளுக்கு 229, மிச்சம் இரண்டு. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு அவர்களை மூன்றாம் காட்டுக்கு அனுப்பினார்.

துரைக்கும் அது பழகிப்போனது. அந்தப் பொம்பளையால் முடிகிறதே என்று சொல்லி மற்ற எல்லாருக்கும் வெட்ட வேண்டிய மர நிரையைக் கூட்டினார். காளியம்மா 1934 வரை வெட்டினாள். அத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை, அதுதான் அவளுக்கு ஆறாத துக்கம்.