டீச்சர் வீட்டு வளைவு

அருளம்மாளுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. கொள்ளிக்கட்டையை விழுங்கினவள் மாதிரிதான் அந்த மாசம் முழுக்க நடமாடினாள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவள் புருசன் சந்தனராஜ் ஞானமணி டீச்சர் வீட்டுத் தோட்டத்து வாசலில் மரத்தால் ஒரு வளைவு செய்து நட்டுவிட்டான். அவ்வளவுதான் சங்கதி.

டீச்சர் ஒன்றும் ரம்பை இல்லை. ஐம்பதை எட்டப்போகிற, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட, கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனுசி. ஆவூர்ப் பக்கம் மாற்றலாகி வந்து ரெண்டு வருசம் ஆகிறது. வாசல் பூராவும் ரோசாவும் கனகாம்பரமும் வைத்திருந்தாள். புருசன் மேல் அருளம்மாளுக்கு அந்த மாதிரிச் சந்தேகமும் கிடையாது. இருந்திருந்தால் தெருவில் நின்று ரெண்டு சண்டை போட்டுத் தீர்த்திருப்பாளே! அவளைப் பிடுங்கித் தின்றது வேறு.

சந்தனராஜுக்கு மரவேலை. ஏர், கதவு, நிலை, செத்தவர்களுக்குப் பெட்டி, எல்லாம் அவன் கைதான். ஆனால் சொந்த வீட்டு அடுப்படிக் கதவு கீல் கழன்று அஞ்சு வருசமாகக் கயிற்றில் தொங்குகிறது. அவள் உட்காருகிற முக்காலி ஒரு பக்கமாகச் சாயும். "இந்தா, நாளைக்குப் பாக்குறேன்" என்பான். அந்த நாளை வந்ததே இல்லை. அப்பேர்ப்பட்ட மனுசன், ஒரே மாதிரி வளைந்த ரெண்டு பூவரசங்கிளை வேண்டும் என்று நாலு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விராலிமலை வரைக்கும் சைக்கிள் மிதித்தான். கொண்டுவந்து இழைத்தான், இழைத்தான், சோறு ஆறிப்போகிற மட்டும் இழைத்தான். கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தான் பாவி.

ஒருநாள் ஊருணியில் தண்ணீர் மொள்ளும்போது பக்கத்து வீட்டு மரிய செல்வி ஆரம்பித்தாள். "அக்கா, டீச்சர் விரிச்ச குடையை மடக்காமலே உள்ள போறாங்க பாத்தீங்களா? அதுக்குன்னே ஒசரம் வச்சாராம்ல அண்ணன்!"

அருளம்மாள் வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கியதும் கேட்டாள். அவனுக்கோ ஒரே சந்தோசம்.

"ஆமா. அவங்களுக்கு வெயிலே ஆகாது. ஒரு கையில நோட்டுக்கட்டு, ஒரு கையில குடை. வாசல்ல நின்னு மடக்குறது சிரமம்ல? பள்ளிக்கூடம் விட்டு வரையில ரெண்டு நாளு நின்னு பாத்தேன். அதுக்குத் தக்கன ஒசரமும் அகலமும் வச்சுட்டேன்."

ரெண்டு நாள் நின்று பார்த்தானாம்! அருளம்மாளுக்கு அழுகையும் ஆங்காரமும் ஒன்றாக வந்தன.

"பதினோரு வருசமா ஒங்களோட குப்பை கொட்டுறேன். எனக்குன்னு நீங்க செய்யப்போறது சவப்பெட்டி ஒண்ணுதானா?"

சந்தனராஜ் கையில் இருந்த உளியைக் கீழே வைத்துவிட்டான். "ஏய், என்னடி பேச்சு இது? ஒனக்கு ஏது தோட்டம்?"

"கத்தரியும் வெண்டையும் செடி இல்லையா? அங்கிட்டு இருக்குறது மட்டுந்தான் வாசலா?"

மறுநாளே வேலையை ஆரம்பித்தான். பொய் சொல்லக் கூடாது, மனசு வைத்துத்தான் செய்தான். நல்ல வைரம் பாய்ந்த வேம்பு. உச்சியில் ரெண்டு கிளிகள், மூக்கோடு மூக்கு வைத்த மாதிரி செதுக்கினான். டீச்சர் வீட்டு வளைவில் கிளி கிடையாது! அருளம்மாள் வேளாவேளைக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மரச்சுருளைப் பொறுக்கினாள். வயிற்று எரிச்சல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. டீச்சர் ஒரு தடவை இந்தப் பக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போனால் தேவலை என்று மட்டும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வேலி வாசலில் வளைவை நட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பெண்டுகள் நின்று பார்த்து, "அம்மாடி, இதுல்ல வளைவு!" என்றார்கள். அருளம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலுக்குக் கட்டின சேலையை மாற்றாமலே குடங்களைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்குப் போனாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக, கழுத்தைச் சாய்க்காமல் ராணி மாதிரி திரும்பி வந்தாள். பெண்டுகள் இன்னும் வாசலில்தான் நின்றார்கள்.

வளைவுக்குள் கால் வைத்தாள். தலையில் இருந்த மண்குடம் மேல்கட்டையில் மோதி மடேரென்று உடைந்தது. தண்ணீர் மொத்தமும் தலையோடு கொட்டியது. ஓடு தோளில் விழுந்து சரிந்தது. "ஐயோ!" என்றார்கள் பெண்டுகள். அப்புறம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சந்தனராஜ் பதறி ஓடி வந்தான். "குனிஞ்சு வரக் கூடாதா? நானே அடியில நின்னு பாத்துத்தானே வச்சேன்? எனக்கே இடிக்கலையே!"

அருளம்மாள் முகத்தில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை.

"இந்த வாசல்ல தெனம் நாலு நடை தண்ணி சுமக்குறேன், பதினோரு வருசமா. என்னைய ஒரு நாளு நின்னு பாத்தீங்களா?"

பார்த்ததே இல்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. முழக்கோலை எடுத்துக்கொண்டு வந்தான். "நாளைக்கே தூக்கி வச்சுடுறேன் அருளு. இங்கிட்டு வந்து நில்லு, அளவு எடுத்துக்கிறேன்."

"வேணாம்."

இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தாள். வளைவைத்தான் வெட்டப்போகிறாள் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். அவள் அதன் பக்கமே போகவில்லை. நாலு அடி தள்ளிக் கிளுவை வேலியை வெட்டி, ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்து, அந்தச் சந்து வழியாகவே உள்ளே போனாள்.

மறுவாரமே சந்தனராஜ் கால்களை மாற்றி வளைவை ஒன்றரை முழம் உயர்த்திவிட்டான். இப்போது தலையில் ரெண்டு குடம் அடுக்கி வந்தாலும் இடிக்காது. தண்ணீர் எடுக்கிற நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்க்கவும் பார்க்கிறான். அருளம்மாள் சந்து வழியாகத்தான் வருகிறாள்.