தெளிவாக இருந்த எண்ணெய்

ஓட்டுநரைப் பேருந்தின் ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டு அடித்தார்கள். இரும்புக் கம்பி, செருப்பு, உடைந்த கடைப் பலகை, கையில் எது கிடைத்ததோ அது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய இரண்டு கைகளும் முறிந்திருந்தன. அடித்தவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. சரிவுத் தெருவில் தலைதெறிக்க இறங்கிய அந்தப் பேருந்து வரிசையாகக் கடைகளை நொறுக்கிவிட்டுப் பள்ளிக்கூடச் சுவரில் முட்டி நின்றிருந்தது. ஏழு பேர் செத்தார்கள். சுவருக்கும் பேருந்துக்கும் நடுவில் வெல்டர் ஒருவரின் ஒன்பது வயது மகள் சிக்கியிருந்தாள். அவள் உடலை வெளியே எடுக்கச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது.

வாகனப் பாதுகாப்பு விசாரணை அலுவலகத்தில் பிரேக் என்றால் நான்தான். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பதும், வண்டி விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மருத்துவமனையில் ஓட்டுநரின் காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தார்கள். பாதிப் பல் போன வாயால் பேசினார்.

"பிரேக் பிடிக்கலம்மா. மிதி தரையோட போயிடுச்சு. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன், அந்த வேகத்துக்கு அது தாங்கல. நான் அழுத்தினேன்னு மட்டும் எழுதுங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம்."

"எல்லா டிரைவரும் இதைத்தான் சொல்லுவாங்க," என்றேன். அது உண்மைதான். இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொன்ன என் வாயில் கொள்ளி வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் எங்கள் கொட்டகையில் பேருந்தைச் சோதித்தேன். முன்பக்கம் அப்பளம்போல் நொறுங்கியிருந்தாலும் மிதி பிழைத்திருந்தது. அழுத்தினேன், கல் மாதிரி நின்றது. பிரேக் எண்ணெய்க் குடுவை குறி வரை நிறைந்திருந்தது. எண்ணெய் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. எங்கும் கசிவு இல்லை. 'எண்ணெய் தெளிவாக உள்ளது, பராமரிப்பு திருப்தி, பிரேக்கில் குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி காலையிலிருந்து மூன்று முறை போன் செய்திருந்தார். அறிக்கையை அவர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அது அப்படியே பேப்பரில் வந்தது. அன்று மத்தியானம் வெல்டர் பேப்பரைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, பார்வையாளர் நேரத்தில் வரிசையில் நின்று மருத்துவமனைக்குள் போனார். ஓட்டுநரின் வயிற்றில் மூன்று முறை கத்தியால் குத்தினார். இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு கிடந்தவரால் தடுக்கக்கூட முடியவில்லை. சாயங்காலத்துக்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஓட்டுநரின் மனைவி என் அறைக்கு வந்தாள். வந்த வேகத்தில் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். கண்ணாடி தெறித்துப் போய்ச் சுவரோரம் விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் அவளைப் பிடித்தார்கள். அவள் திமிறிக்கொண்டே கத்தினாள்.

"எண்ணெய் தெளிவா இருந்துச்சுன்னு எழுதியிருக்கியே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அந்த வண்டி எண்ணெய் கன்னங்கரேல்னு இருக்கும். அவர் சட்டையில பட்டதைத் தேச்சுத் தேச்சு என் நகமே போச்சு. மாத்துங்க மாத்துங்கன்னு ரெண்டு வருசமா டிப்போவுல கெஞ்சினாரு. மாத்தவே இல்ல. அப்புறம் எங்கேர்ந்துடி வந்துச்சு தெளிவான எண்ணெய்? செத்தவரைக் கொலைகாரன்னு ஊரே சொல்லுது. இல்லைன்னு எழுதிக் குடு!"

சுவரோரம் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டினேன். இரண்டு வருடம் ஓடிய எண்ணெய் தெளிவாக இருக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்ட விஷயம். அது சுத்தமாக இருந்ததைச் சந்தேகப்படாமல் பாராட்டி எழுதியிருக்கிறேன்.

நேராக இழுவை வண்டிக்காரரிடம் போனேன். சங்கிலி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். விபத்து வண்டிகளை எங்கள் கொட்டகைக்கு இழுத்து வருவது அவர்தான்; எனக்கு முன்னால் அந்தப் பேருந்தில் கை வைத்தவரும் அவர்தான்.

"ஆமாக்கா, ஊத்தினேன்," என்றார் சர்வ சாதாரணமாக. "பின்சக்கரத்துக்கு எண்ணெய் போற ரப்பர் ஓஸ் கிழிஞ்சு எண்ணெய் பூரா ஒழுகிக் கிடந்துச்சு. என்கிட்ட இருந்த பழைய ஓஸை மாட்டி, புதுசா எண்ணெய் ஊத்தி, உள்ள இருந்த காத்தை வெளியேத்திட்டுத்தான் சங்கிலியில கட்டினேன். சரிவுல பிரேக் இல்லாத வண்டிய இழுத்தா அது என் முதுகுல ஏறிடாது? எல்லா வண்டிக்கும் அப்படித்தான் செய்வேன். நீங்க ஒருநாளும் கேட்டதில்லையே!"

கிழிந்த ஓஸ் அவர் வண்டியின் பின்னால் பழைய டயர்களுக்கு அடியில் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் கத்தியால் சீவியதுபோல் தேய்ந்து பிளந்திருந்தது. அன்றே அதே மாடல் பேருந்துகள் மூன்றை வழியில் மறித்து, பயணிகளை இறக்கிவிட்டு, அடியில் படுத்துப் பார்த்தேன். மூன்றிலுமே தொழிற்சாலையில் முடுக்கிய ஒரு போல்ட் ஓஸை உரசிக்கொண்டிருந்தது. இரண்டில் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. ஒரு டிரைவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த நூலைக் காட்டியதும் தெருவோரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

பழைய அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி, "வேலை போயிடும்மா, யோசிச்சுக்கோங்க," என்றார். "போய்த் தொலையட்டும்," என்று பேனாவை அவர் மேஜையில் வீசிவிட்டு வந்தேன். புதிய அறிக்கையின் முதல் நகலை ஓட்டுநரின் மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

பாக்கி இருந்தது வெல்டர். பேப்பரில் படித்து அவர் தெரிந்துகொள்ள விட எனக்கு மனம் வரவில்லை. காவல் நிலையத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கம்பிக்குப் பக்கத்தில் வந்தார்.

"அந்த முதல் ரிப்போர்ட்டு யார் எழுதினது?"

"நான்தான்."

கம்பி வழியாகக் கை வந்தது. என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து முகத்தை இரும்பில் மோதினார். ஒரு தரம், இரண்டு தரம். மூக்குக்குள் ஏதோ நொறுங்கியது. காவலர் ஓடிவந்து தடியால் அவர் விரல்களின் மேல் அடித்தார். "அடிக்காதீங்க!" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினேன். காவலர் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் விரல்கள் விட்டன.

வெல்டர் தரையில் சரிந்தார். வீங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணாவது தரம் குத்தும்போதும் அதையேதான்மா சொன்னான். 'நான் அழுத்தினேண்ணே, பிடிக்கலண்ணே'ன்னு. கத்தி இருந்த என் கையைக்கூட அவன் பாக்கல, என் மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னான். நான் உன் பேப்பரை நம்பினேன்."